நியூசிலாந்துச் சுக்கான்

சென்னைத் துறைமுகத்தின் உள்பக்கம், படகுகளை நீரிலிருந்து இழுத்தேற்றும் சிமெண்டுச் சரிவில் நின்றுகொண்டிருந்தேன். வெயிலில் காய்ந்த பாசியும் டீசலும் கலந்த வாடை. செருப்புக்கு அடியில் வழுக்கியது.

மீட்புப் படகு என் தம்பியின் பாய்ப்படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பாய்கள் ஈரத் துணிக் குவியலாக உள்ளே கிடந்தன. பின்புறம் சுக்கான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண் நீளத் துண்டு மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. மீதி கடலுக்குள் போய்விட்டது.

பிரபு முழங்கால் தண்ணீரில் இறங்கினான். என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு என்னைத் தாண்டி நடந்தான்.

தேர்வுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் எதிரே வந்தார். வெள்ளைத் தொப்பி, மூக்கில் வெள்ளைக் களிம்பு.

"என்னப்பா ஆச்சு? முதல்லதானே போயிட்டிருந்தே?"

"ரடர் ஒடைஞ்சுபோச்சுங்க சார்."

"நியூசிலாந்து ரடர்னு சொன்னியே, அதுவா ஒடைஞ்சுது?"

பிரபு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இல்லீங்க சார். எங்க அக்கா கோயமுத்தூர்ல செஞ்சது. ஊட்டுல செஞ்சதுங்க, என்ன பண்றது?"

ஊட்டுல செஞ்சது. முறுக்கு, தட்டுவடை மாதிரி.

நான் அங்கேதான் நின்றேன். அந்தச் சுக்கானைச் செய்தது நான்தான் என்று அவன் வெளியார் ஒருவரிடம் சொன்னது அதுவே முதல் தடவை.

கடலைப் பார்க்காத ஊர்

என் பட்டறையைப் பற்றிப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: காங்கேயத்துக்காரி ஒருத்திக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்? நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் மழை வந்தால் அதைப் பார்ப்பதற்கு ஆட்கள் வாசலுக்கு வருவார்கள்.

அப்பாவுக்குத் தேங்காய் எண்ணெய் மில். களத்தில் கொப்பரை காயும். எங்கள் துணி, தலைமுடி, பள்ளிக்கூடப் பை எல்லாவற்றிலும் அந்த வாசனை. நான் மூத்தவள். எனக்கு ஏழெட்டு வருடம் கழித்துப் பிறந்தவன் பிரபு.

நான் இயந்திரவியல் படித்தேன். கோவையில் ஒரு பெரிய பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு, பிறகு சரவணம்பட்டியைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் சொந்தமாகத் தொடங்கினேன். ஆலைகளில் சூடான தண்ணீரை ஆறவைக்கக் கோபுரம் மாதிரி ஒன்று நிற்கும். அதன் தலையில் சுழலும் ராட்சதக் காத்தாடிக்கு இறக்கை செய்வதுதான் என் தொழில். கண்ணாடி நாரையும் பசையையும் அச்சில் அடுக்கி இறக்கை வார்ப்போம். எண்ணெய் வாசனை போய் என் மேல் பசை வாசனை வந்தது. அம்மாவுக்கு அது பிடிக்காது. "பக்கத்துல வந்தா மூக்கெரியுது அம்மணி" என்பாள்.

பிரபு கல்லூரியில் தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் சேர்ந்தான். முட்டையும் பூரியும் கொடுக்கிறார்கள் என்பதற்காகச் சேர்ந்தவன். முதல் முகாமில் பாய்ப்படகில் ஏற்றிவிட்டார்கள். திரும்பி வந்தவன் வேறு ஆள். சாப்பிடும்போதுகூட வலது கையில் பாய்க்கயிற்றைப் பிடிப்பதுபோல விரலை மடக்கிக்கொண்டிருப்பான்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அவனுக்குக் கிடைத்தது பிறவி வரம். அவனைப்போலப் படகோட்டியவனை நான் பார்த்ததில்லை. தண்ணீரின் மேல் காற்று கறுப்பாக ஓடி வருவதை, அது வருவதற்கு முன்பே அவன் உடம்பு அறியும். கசப்பாக எழுதுகிறேன் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன்.

கொஞ்ச வருடத்தில் சென்னையிலிருந்து ஒரு பழைய பந்தயப் படகை அப்பா வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேர் ஓட்டும் வேகப் படகு. இன்னொருவனாகச் சேர்ந்தவன் நசீர். கோட்டைமேட்டுப் பையன், பிரபுவின் கல்லூரித் தோழன். சரவணம்பட்டி ஐ.டி. பார்க் ஒன்றில் வேலை. பிரபு பின்னால் உட்கார்ந்து, டில்லர் என்கிற கைப்பிடியால் சுக்கானைத் திருப்புவான். நசீர் இடுப்பில் கம்பியை மாட்டிக்கொண்டு படகுக்கு வெளியே, தண்ணீருக்கு மேல் சாய்ந்து நிற்பான்.

பயிற்சி உடுமலைப் பக்கத்து அணை ஒன்றில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வரும்போது அந்தப் பக்கத்தில் குடையை விரிக்க முடியாது. காற்றாலைகள் சும்மாவா அங்கே நிற்கின்றன?

திருப்பும் பலகை

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஓட்டுவதைப் பார்க்கப் போனேன். புளிச்சோறு கட்டிக்கொண்டு போயிருந்தேன், வேறு எண்ணம் இல்லை.

பலமான காற்று. படகு தண்ணீரைக் கிழிப்பதை விட்டுவிட்டு, தண்ணீரின் மேலேறி வழுக்கிக்கொண்டு பறந்தது. திடீரென்று, யாரோ மூக்கணாங்கயிற்றைச் சுண்டியதுபோல, காற்றை நோக்கித் திரும்பிக் கவிழ்ந்தது. நிமிர்த்தினார்கள். மறுபடி பறந்தது. மறுபடி அதே இடத்தில் அதே கவிழல்.

கரைக்கு வந்ததும் பிரபு சொன்னான்: "வேகம் புடிச்சா டில்லர் செத்துப்போகுது அக்கா. கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிருது."

நான் கரையிலிருந்து பார்த்ததைச் சொன்னேன். கவிழ்வதற்கு முன் சுக்கானின் ஒரு பக்கம் வெள்ளையாக நுரை இறங்கியது. சுக்கானைத் திருப்பும்போது அதன் ஒரு முகத்தில் தண்ணீர் அழுத்தும், மறுமுகத்தில் உறிஞ்சும். உறிஞ்சும் பக்கத்தில் மேலேயிருந்து காற்று உள்ளே புகுந்துவிட்டால் அவ்வளவுதான். பலகைக்குப் பிடிக்கத் தண்ணீர் இருக்காது. என் காத்தாடி இறக்கைகளும் சாய்வு அதிகமானால் இப்படித்தான் திடீரென்று மூச்சை விட்டுவிடும்.

அவர்களுடைய சுக்கான் அகலமான, குட்டையான மரப்பலகை. பெரும்பகுதி நீர்மட்டத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. காற்று எட்டிப் பிடிப்பதற்கு வசதியாக.

"ஆழமாவும் ஒடுக்கமாவும் இருந்தா?" என்றேன்.

இரண்டு பேரும் புளிச்சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

அந்த வகைப் போட்டியில் சுக்கானை அவரவர் விருப்பப்படி செய்துகொள்ளலாம். ஆகவே செய்தேன். ஒன்றல்ல, பல.

முதலாவதை மிக மெல்லியதாக, முன்விளிம்பு கூர்மையாகச் செய்தேன். கூர்மையாக இருந்தால் வேகமாகப் போகும் என்று எல்லோரும் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். நேராகப் போகும்வரை வேகம்தான். கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் பிடியை விட்டுவிட்டது. முன்விளிம்பை மீனின் தலைபோல உருட்டியதும் சொன்ன பேச்சைக் கேட்டது.

அடுத்ததில் ஒரு ரீங்காரம். வேகம் கூடினால் படகு முழுவதும் தேனீக்கூடு மாதிரி ஒலிக்கும். பின்விளிம்பு ஒரு பக்கம் மயிரிழை உருண்டிருந்தது. தேய்த்துச் சதுரமாக வெட்டியதும் நின்றுவிட்டது.

பிரபு கையால் சொல்வான், நான் கணக்கால் தேடுவேன். "இடது பக்கம் திருப்பறப்ப ஒரு நடுக்கம் இருக்குது அக்கா, வலது பக்கம் இல்ல" என்பான். பட்டறையில் அளந்து பார்த்தால் இடது முகம் நிஜமாகவே ஒரு இழை சப்பையாக இருக்கும். என் அளவுகோல் கண்டுபிடிக்க வேண்டியதை அவன் உள்ளங்கை முன்பே கண்டுபிடித்திருக்கும். அப்படிப்பட்ட சமயங்களில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். என் வாழ்க்கையில் யாருடனும் அவ்வளவு நன்றாக நான் வேலை செய்ததில்லை. கல்யாணம் உட்பட.

கடைசியில் வந்தது கார்பன் நார் வைத்து வார்த்தது. கறுப்பாக, ஒடுக்கமாக, ஒரு ஆளின் இடுப்பு உயரத்துக்கு. கையில் எடுத்தால் எடையே இருக்காது.

அதை மாட்டிக்கொண்டு அவர்கள் போன முதல் நாள் நான் கரையில் இருந்தேன். காற்று அறைந்தது. படகு மேலேறியது. கவிழவே இல்லை. அணையின் அந்தக் கோடி வரைக்கும் கோடு போட்டதுபோலப் போய்த் திரும்பியது. பிரபு தண்ணீரிலிருந்தே கத்தினான். என்ன கத்தினான் என்று காற்றில் கேட்கவில்லை. எனக்குத் தேவையும் இல்லை.

எந்த ஊர்ச் சரக்கு?

அந்தச் சுக்கானோடு அவர்கள் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். சென்னையில், பிறகு ஐதராபாத் ஏரியில், பிறகு மும்பையில்.

மற்ற படகோட்டிகள் கரையில் வந்து தடவிப் பார்த்தார்கள். "எங்கே வாங்கினது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிரபு சொன்னது: "நியூசிலாந்து."

ஊருக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தான். "கோயமுத்தூர்ல செஞ்சதுன்னா அவிங்க நம்பவா போறாங்க? வெளிநாட்டுச் சரக்குன்னாத்தான் பயப்படுவாங்க அக்கா. பயந்துட்டாப் பாதிப் பந்தயம் முடிஞ்சுது." நானும் சிரித்தேன். எதிரியைக் குழப்பும் தந்திரம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிறகு ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். படத்தில் பிரபு, நசீர், நடுவே என் கறுப்புச் சுக்கான். கீழே 'நியூசிலாந்தில் தயாரிக்கப்பட்ட நவீன சுக்கான்'. அப்பா அந்தப் பக்கத்தை மில்லில் கண்ணாடி போட்டு மாட்டினார். ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் நிறுத்திக் காட்டுவார்.

"அப்பா, அது நான் செஞ்சது" என்றேன் ஒருநாள்.

"தெரியும் கண்ணு. நமக்குள்ள தெரிஞ்சாப் போதாதா?"

இன்னொரு படகோட்டி, புனேக்காரர், தனக்கும் ஒன்று வேண்டும் என்று பிரபுவிடம் கேட்டிருக்கிறார். நியூசிலாந்து முகவரி கேட்டாராம். அவர்கள் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று பிரபு சொல்லியிருக்கிறான். இதை நசீர்தான் ஒருமுறை தற்செயலாகச் சொன்னான். காரில் போய்க்கொண்டிருந்தோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பட்டறை அன்றைக்கும் திறந்துதான் இருந்தது.

துண்டு

இனி துறைமுகத்துக்கு வருகிறேன்.

அது தேசிய அணிக்கான தேர்வுப் பந்தயம். அவன் முதலில் வந்துகொண்டிருந்ததை அலைதடுப்புச் சுவரிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தேன். பெரிய வண்ணப் பாயை விரித்தார்கள், படகு பறந்தது, அப்புறம் ஒரு அலையின் முதுகில் இறங்கும்போது சட்டென்று சுழன்று கவிழ்ந்தது. காற்று உள்ளே புகுந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். நிமிர்த்திய பிறகும் படகு வழிதெரியாமல் சுற்றியதைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

பிரபு தேர்வுக் குழுக்காரரோடு போன பின், நான் படகின் பின்புறம் குனிந்து மிச்சமிருந்த துண்டைப் பார்த்தேன்.

சுக்கான் பலகை, 'தலை' என்கிற ஒரு உறைக்குள் செருகி, போல்ட்டு போட்டு நிற்கும். அந்த இடத்தில்தான் பாரம் முழுவதும் வந்து சேரும். அங்கே நான் கார்பன் நாரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தேன். போல்ட்டுக்கான ஓட்டையை வார்க்கும்போதே வைத்து, சுற்றி நார் வளைந்து போகும்படி செய்திருந்தேன்.

என் ஓட்டை புட்டிப் பசை பூசி அடைக்கப்பட்டிருந்தது. அதற்கு இரண்டு விரல் தள்ளி, பலகையின் ஓரமாக, வேறொரு ஓட்டை. கைத்துரப்பணத்தால் போட்டது, சுற்றிலும் நார் பிய்ந்திருந்தது. மேலே கறுப்புப் பெயிண்ட். பலகை உடைந்திருந்தது அந்தப் புது ஓட்டையின் நடுவில், ரொட்டியைப் பிட்டதுபோல.

போல்ட்டை இடம் மாற்றினால் பலகை படகுக்கு அடியில் முன்னோக்கிச் சாயும். சாய்ந்தால் டில்லரைப் பிடிப்பது லேசாகிவிடும். முன்பு ஒருமுறை பிரபு அதைக் கேட்டிருந்தான். லேசானால் கையில் சேதி வராது, தண்ணீர் என்ன செய்கிறதென்று தெரியாது, வேண்டாம் என்றேன். சரி என்று சொல்லியிருந்தான்.

நசீர் என் பின்னால் வந்து நின்றான். ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"யாருடா இந்த ஓட்டையப் போட்டது?"

நசீர் தரையைப் பார்த்தான். "அக்கா, ஊருக்குப் போய்ப் பேசிக்கலாங்க."

ஊருக்குள் சேதி

'ஊட்டுல செஞ்சது' எங்களுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. பத்திரிகையில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். அப்பா அதைக் கண்ணாடி போடவில்லை.

சென்னிமலையில் ஒரு கல்யாணம். பந்தியில் அம்மாவுக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையிலிருந்து ஒரு அத்தை கேட்டார்: "ஏனம்மணி, நீ செஞ்சது ஒடைஞ்சுதான் தம்பிக்கு இந்தியா டீமு போச்சாமா?" எனக்குப் பரிமாறிக்கொண்டிருந்தவர்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டார்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். எனக்கு இறக்கை ஆர்டர் கொடுத்திருந்த ஒரு மில்லின் மேலாளர் போன் செய்தார். மரியாதையான மனிதர்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அந்த நியூஸ் பாத்தேன். நம்ம காத்தாடிக்குக் கீழ ஆளுங்க வேலை செய்யறாங்க. இன்னொருக்கா டெஸ்ட் பண்ணிச் சர்டிபிகேட் குடுத்தா நல்லாருக்குங்க."

சுழலும் இறக்கை உடைந்து பறந்தால் ஆள் சாவார். அவர் கேட்டதில் தப்பில்லை. என் தொழிலில் நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண்ணிடம் இருக்கிற ஒரே சொத்து, அவள் செய்தது உடையாது என்கிற பேச்சு. அதைத்தான் என் தம்பி அந்தச் சிமெண்டுச் சரிவில், யோசிக்காமல், ஒரே வாக்கியத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

அம்மாவிடம் ஓட்டையைப் பற்றிச் சொன்னேன். அவள் கொப்பரையைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உடு அம்மணி. அவனே மனசு ஒடைஞ்சு கெடக்கறான். இப்பப் போயி ஓரியாட்டம், சண்டைன்னு பண்ணாத."

மணல் மூட்டை

அதே அச்சில் இரண்டு பலகை வார்த்தேன். ஒன்றில் என் ஓட்டை. இன்னொன்றில், அவன் செய்ததுபோலவே, அதை அடைத்துவிட்டு ஓரத்தில் துரப்பணத்தால் போட்ட ஓட்டை. பட்டறைத் தூணில் படுக்கையாகப் பூட்டி, நுனியில் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டோம். பிரபுவை வரச் சொல்லியிருந்தேன். வரவில்லை. நசீர் வந்தான்.

என் பலகை வளைந்தது. கொட்டகையில் வேலை செய்தவர்கள் எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். இன்னும் ஒரு மூட்டை, இன்னும் ஒன்று. வில் மாதிரி வளைந்து கடைசி மூட்டை தரையைத் தொட்டது. உடையவில்லை. மூட்டைகளை எடுத்ததும் நேராக நிமிர்ந்தது.

இரண்டாவது பலகையில் பாதிப் பாரத்திலேயே டப்பென்று ஒரு சத்தம். துறைமுகத்தில் நான் பார்த்த அதே பிளவு, அதே இடம்.

நசீர் அந்தத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, சொன்னாத் தப்பா நெனச்சுக்காதீங்க. பிரபுவுக்குத் தோளு போயிருச்சுங்க."

"என்னடா சொல்றே?"

"வலது தோளுங்க. மும்பையில விழுந்தப்பவே. டில்லரை இழுத்துப் புடிச்சா உசுரு போகுதுன்னான். டீமுக்கு எடுக்கறவங்களுக்குத் தெரிஞ்சா ஒதுக்கிப்போடுவாங்கன்னு யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டான். டில்லர் லேசாகட்டும்னுதான் அந்த ஓட்டையப் போட்டானுங்க. நான் வேண்டாம்னு சொன்னேன். அக்காகிட்டக் கேட்டுட்டுச் செய்யின்னேன்."

உடைந்த துண்டை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

தோள் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பலகையை முன்னோக்கிச் சாய்த்து, தலையைப் புதிதாக வார்த்து, பாரம் வரும் இடத்தில் நாரைக் கூட்டி, ஒரு வாரத்தில் செய்து கொடுத்திருப்பேன். கையில் கொஞ்சம் சேதி குறையும். ஆனால் ஓடியிருக்கும். ஜெயித்தும் இருப்பான்.

மில்லுக்குப் பின்னால்

காங்கேயம் போனேன். செக்கு ஓடும் சத்தத்தில் பேச முடியாது என்று மில்லுக்குப் பின்னால் வேப்பமரத்தடிக்கு அவனைக் கூட்டிப் போனேன்.

"எனக்குத் தெரியும் அக்கா" என்றான், நான் முடிப்பதற்கு முன்பே. "ஓட்டை போட்டப்பவே கை கூசுச்சு."

"அப்புறம் ஏன்டா நான் செஞ்சது ஒடைஞ்சுதுன்னு சொன்னே?"

"தோளு போச்சுன்னு சொல்லச் சொல்றியா? தோளு போனவனை எவன் எடுப்பான்? ரடர் போனா வேற ரடர் மாட்டிக்கலாம். அடுத்த வருசம் பாக்கலாம்னு அவிங்களே சொல்லீருக்காங்க." அதோடு விடாமல், "உனக்கென்ன அக்கா, நீ இன்னொண்ணு செஞ்சுக்குவே" என்றான்.

எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. அவன் பயந்துவிட்டான் என்று நினைக்கிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். அவன் தோளைப் பற்றி நான் யாரிடமும் சொல்லக்கூடாது. ஓட்டை போட்டது தான்தான் என்று அவன் ஊராரிடமும் படகுக்காரர்களிடமும் சொல்லிவிட வேண்டும்.

"சொல்லிப்போடறேன் அக்கா. சத்தியமா."

அடுத்த வருடமும் அவனை எடுக்கவில்லை. தோள் தூக்கவே முடியாமல் போய் அறுவை சிகிச்சை செய்தார்கள். பைக்கிலிருந்து விழுந்ததாக ஊருக்குச் சொன்னார்கள். படகை விற்றான். அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அவன் சொல்வான் சொல்வான் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மன்னிப்பு

இப்போது பிரபு மேடைப் பேச்சாளன். கல்லூரிகளில், கம்பெனிகளில் தோல்வியைப் பற்றிப் பேசுகிறான். நன்றாகப் பேசுவான், குரலும் நல்ல குரல்.

போன வருடம் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் அவன் பேச்சு. என் பட்டறையிலிருந்து கூப்பிடு தூரம். அம்மா கேட்கப் பிரியப்பட்டாள், கூட்டிப் போனேன். முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

காற்றையும் அலையையும் சொன்னான். பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். பிறகு சொன்னான்:

"எங்க அக்கா ஆசையாச் செஞ்சு குடுத்த ரடருங்க. அது ஒடைஞ்சு என் கனவே போயிருச்சு. நான் அக்காவ ஒரு வார்த்தை கேக்கல. அன்னைக்கே மன்னிச்சுட்டேன். மன்னிக்கத் தெரிஞ்சவன்தாங்க மறுபடி எந்திரிப்பான்."

கைதட்டல் முடிய வெகு நேரம் ஆயிற்று. கேள்வி நேரம் என்றார்கள். கையைத் தூக்கினேன். யாரோ ஒரு மாணவி மைக்கைக் கொடுத்தாள்.

"அந்த ரடர்ல போல்ட்டு ஓட்டைய மாத்திப் போட்டது யாருங்க?"

அவன் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு சிரித்தான்.

"இவங்கதாங்க எங்க அக்கா. பாருங்க, இத்தனை வருசம் ஆகியும் அக்காவால அதை விட முடியல. இதைத்தான் நான் சொல்ல வந்தேன். பழசைத் தூக்கிச் சுமக்காதீங்க."

அரங்கம் மறுபடி கைதட்டியது. சிலர் திரும்பி என்னையும் பார்த்துத் தட்டினார்கள், அன்பாக.

அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு காங்கேயம் சாலையில் போனேன். பல்லடம் தாண்டியபோது அம்மா ஆரம்பித்தாள்.

"சபையில அப்படிக் கேட்டுப்போட்டியே அம்மணி."

"என்னம்மா தப்பாக் கேட்டேன்?"

"தப்புன்னு சொல்லல. அவன் தோளு வலி தாங்காமத்தான செஞ்சான்."

வண்டியை ஓரம் கட்டினேன். ஓட்டைக்குக் காரணம் தோள்தான் என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை.

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாம? அந்த ஆடி பூராவும் தெனமும் எண்ணெய் காய்ச்சித் தேச்சுவுட்டது நான்தான. அந்த ஓட்டை போட்டதையும் எங்கிட்டச் சொன்னான். நம்ம களத்துல உக்காந்துதான் போட்டான்."

"எல்லாம் தெரிஞ்சுமா இத்தனை வருசம் சும்மா இருந்தே? அந்தக் கல்யாணத்துல அத்தை கேட்டப்ப நீ எம்பக்கத்துல உக்காந்திருந்தியேம்மா."

அம்மா முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். ஒரு லாரி கடந்து போய், கார் ஆடி நின்றது.

"நீ தாங்கிக்குவே கண்ணு. அவன் தாங்கமாட்டான்."

அவளை வீட்டில் இறக்கினேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், சாப்பிட்டும் இருக்கிறேன். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுத்ததில்லை.

தோளைப் பற்றி யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வேப்பமரத்தடியில் கொடுத்த வாக்கை இந்த வாரம் மீறியிருக்கிறேன். அவன் கொடுத்த வாக்குக்காகக் காத்திருந்தது போதும். எழுதியதை அனுப்பும் முன் பிரபுவிடம் கேட்கவில்லை. அம்மாவிடமும் கேட்கவில்லை.